ஓய்வு பெற்ற தோழர்களுக்குக் கைகால் பலமும் ஞாபக பலமும்

"நாப்பது வருஷம் ஒழைச்சாச்சு. இனிமேலாவது உக்காந்து சாப்பிடட்டும்."

தோட்டத்தை விட்டு வந்து தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருக்கும் நம் மக்களின் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை இது. பிள்ளைகள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். பெற்றவர்களை வெயிலிலும் மழையிலும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் சங்க வேலையாகக் கிள்ளான், காப்பார், பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் என்று படியேறி இறங்குகிற நமக்கு, அந்த நாற்காலி நம் பெரியவர்களை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு தெரிகிறது.

இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் பார்க்காமல் நடந்தவர், ஓய்வு பெற்ற ஐந்தாம் வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போகிறார். தன் நிரையில் எந்த மரம் நன்றாகப் பால் கொடுக்கும், எது காய்ந்த மரம் என்று மனத்திலேயே கணக்கு வைத்திருந்த அம்மா, அடுப்பில் ஏற்றிய குழம்பை மறந்து விடுகிறார். "வயசாயிருச்சுல்ல" என்று வீட்டார் அதோடு விட்டுவிடுகிறார்கள். வயது ஒரு காரணம்தான். உட்கார வைத்தது இன்னொரு காரணம். முதலாவதை மாற்ற யாராலும் முடியாது என்பதால் இந்த வாரம் இரண்டாவதைப் பற்றிப் பேசுவோம்.

பால்வெட்டு என்றால் வெறும் உடலுழைப்பு என்று வெளியார் நினைக்கிறார்கள். வெட்டியவருக்குத் தெரியும். விடியாத இருட்டில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையை ஒரே கனத்தில் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், நமக்கு மண்டோரிடம் ஏச்சு. கத்திக்கும் மரத்தின் உயிர்ப் படலத்துக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. இப்படி ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். கால் மரத்தைச் சுற்றி நகர்கிறது, முதுகு வளைகிறது, கை இழுக்கிறது, கண்ணும் மனமும் கத்தி நுனியில் நிற்கின்றன. செம்பனையிலும் அப்படித்தான். நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை நிமிர்த்திப் பிடித்து, பழுத்த குலை எதுவென்று பார்த்து, அது விழும் இடத்தை விட்டு ஒதுங்கி நின்று இழுக்க வேண்டும். கவனம் பிசகினால் உயிர் போகும்.

உடம்பும் கவனமும் சேர்ந்தே வேலை செய்த மனிதர், அறுபதாவது வயதில் ஒரே நாளில் இரண்டையும் நிறுத்துகிறார். மறுநாள் காலை முதல் தொலைக்காட்சி.

உழைத்த காலத்துப் பலம் சேமநிதிப் பணம் மாதிரி கணக்கில் கிடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கிடக்காது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டுப் பங்கு தசை குறைந்துகொண்டே வருகிறது என்றும், அறுபதைத் தாண்டினால் அந்த வேகம் கூடும் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொடை மெலிந்தால் நாற்காலியை விட்டு எழக் கையை ஊன்ற வேண்டும். எழுவது கஷ்டமென்றால் எழுவதையே குறைத்துக்கொள்வார்கள். குறையக் குறைய இன்னும் மெலியும். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் வழுக்கல். இடுப்பெலும்பு முறிந்த தாயாரைப் பார்த்துக்கொள்ளத் தொழிற்சாலை வேலையை விட்ட மகள்களை நாம் ஒன்றிரண்டு பேரல்ல, பல பேரைப் பார்த்துவிட்டோம். ஒருவர் விழுந்தால் இரண்டு பேரின் பிழைப்பு விழுகிறது.

"எங்களுக்கே எக்சசைஸா? நாங்க செய்யாத வேலையா?" என்று கூட்டங்களில் யாராவது ஓர் அண்ணன் கேட்பார், எல்லாரும் சிரிப்பார்கள். நியாயமான கேள்விதான். நீங்கள் செய்த வேலையை யாரும் மறுக்கவில்லை, அண்ணே. அந்த வேலை நின்று ஐந்து வருஷம் ஆகிவிட்டதே, அதைத்தான் சொல்கிறோம். நின்றுபோன பலம் திரும்பி வருமா என்பதுதான் இப்போது கேட்கவேண்டிய கேள்வி.

வரும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோனி என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு முதியோர் இல்லத்தில் பத்துப் பேரைப் பயிற்சிக்குச் சேர்த்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 90! காலால் பாரம் தூக்கும் பயிற்சி, எட்டு வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பத்துக் கிலோ தூக்கியவர் இருபத்தேழு கிலோ தூக்கினார் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். அவர்கள் தூக்கியது கனமான பாரம், பக்கத்தில் டாக்டர்கள் நின்றார்கள். வீட்டில் நாம் அப்படிச் செய்யக்கூடாது. ஆனாலும் தொண்ணூறில் வளர்கிற தசை அறுபத்தைந்தில் வளராதா?

கால் பலம் மட்டும் போதுமா என்றால், போதாது. 1997இல் ஸ்வீடன் நாட்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைச் செய்ய எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. முதியவர்கள் 58 பேரோடு கூடவே நடந்தபடி பேச்சுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்.

காரணம் யோசித்தால் புரியும். இளவயதில் நடை தானாக நடக்கிறது. வயதானபின் ஒவ்வோர் அடிக்கும் மூளை கொஞ்சம் கவனம் செலவழிக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு வேலை வந்தால் இரண்டுக்கும் போதாமல் போகிறது. கிள்ளான் பசாரில் ஒரு கையில் மீன் பை, எதிரே மோட்டார், பின்னால் "பாட்டி" என்று கூப்பிடும் பேரன், கடைக்காரர் கொடுத்த சில்லறை சரியா என்ற கணக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பெரும்பாலும் அப்படிப்பட்ட வேளையில்தான் நம் பெரியவர்கள் விழுகிறார்கள்.

ஆகவே பலத்தையும் கவனத்தையும் சேர்த்துப் பழக்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் 65 வயதைத் தாண்டிய 134 பேரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். பயிற்சி வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். பியானோ வாசிப்புக்கு ஏற்ப நடப்பது, தாளம் மாறியதும் அடியை மாற்றுவது, கையில் பொருளை வைத்துக்கொண்டு திரும்புவது, இப்படி. 2011இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடையே விழுவது பாதிக்கும் மேல் குறைந்தது. இதைப் படித்தபோது நமக்குக் கோலாட்டம்தான் நினைவுக்கு வந்தது. பாட்டு, தாளம், கையில் குச்சி, யாருடைய குச்சியில் எப்போது தட்டுவது என்ற கவனம். திருவிழாவுக்குத் திருவிழா லயத்து வாசலில் ஆடியதை ஜெனீவாவில் பியானோ வைத்து ஆடியிருக்கிறார்கள்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே டாக்டர் ஃபியாட்டரோனி பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னியில் 55 வயதுக்கு மேற்பட்ட, ஞாபகம் லேசாகத் தடுமாறத் தொடங்கிய 100 பேரை வைத்து இன்னோர் ஆய்வு நடத்தினார். ஆறு மாதம் பாரப் பயிற்சி செய்தவர்களின் சிந்தனைத் திறன் கூடியது. 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் அதோடு கம்ப்யூட்டரில் மூளைப் பயிற்சியையும் சேர்த்தவர்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆகையால் பெரியவர்களின் கையில் போனைத் திணித்து "இத விளையாடுங்க, மூளை வளரும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் கடமை முடிந்ததென்று இருந்துவிட வேண்டாம். செய்கிற அசைவிலேயே மனம் இருக்க வேண்டும்.

உடம்பையும் மனத்தையும் சேர்த்துப் பழக்கச் சொன்ன ஒருவர் நம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்திருக்கிறார் என்பதை இளைஞர்கள் பலர் அறியார். திருநெல்வேலிப் பத்தமடையில் 1887இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்து சிரம்பான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் பாட்டன்மாருக்கு மருந்து கொடுத்தவர். பிறகு ஜொகூரில் இருந்தார். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பி ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தர் ஆனார். ஆசனத்தையும் மூச்சையும் மன ஒருமையையும் ஒரே பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். பத்துமலைப் பக்கம் இருக்கும் சிவானந்த ஆசிரமம் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைச் சேர்ந்ததுதான். சாமியார் விஷயம் என்று ஒதுங்குகிறவர்கள், அவர் முதலில் தோட்டத்து டாக்டர் என்பதை வைத்தாவது காது கொடுக்கலாம்.

சரி, செய்வது எப்படி? கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் நாம் பார்த்ததைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பதினைந்து, இருபது பேர் கூடுகிறார்கள். ஆளுக்கொரு நாற்காலி, கைப்பிடி இல்லாதது, சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறது. ஆளுக்கு இரண்டு அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல். நிரப்பினால் போத்தலுக்கு அரைக் கிலோ. நடத்துகிற அம்மா ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். தன் முழங்காலுக்காக பிசியோதெரபிக்குப் போனபோது கற்றதைத்தான் மற்றவர்களுக்கும் காட்டிக் கொடுக்கிறார். அதட்டல் மட்டும் ஆயாக்கொட்டகை அதட்டல்.

"கீழ் லயம். மொத வீடு யாரு?"

கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, அந்த வீட்டில் குடியிருந்தவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனத்துக்குள் மூன்று எண்ணி எழ வேண்டும். மூன்று எண்ணி உட்கார வேண்டும். "பொத்துன்னு விழக்கூடாது, கீழ போறப்பதான் தொடைக்கு வேலை" என்கிறார் அந்த அம்மா. டாக்டர்கள் சொல்வதும் அதுவே. அடுத்து இரண்டாவது வீடு. ஒரு லயத்துக்குப் பத்து வீடு. லயம் முடியும்போது பத்துத் தடவை எழுந்து உட்கார்ந்தாயிற்று. கொஞ்சம் ஓய்வு. பிறகு பத்தாவது வீட்டிலிருந்து பின்னோக்கி.

அங்கேதான் சச்சரவு ஆரம்பமாகிறது. "நாலாவது வீடு மாடு வெச்சிருந்தவங்க." "இல்லக்கா, மாட்டுக்காரங்க அஞ்சு. நாலுல லோரி டிரைவரு." "டிரைவரு மேல் லயம்ல?" சண்டை போட்டுக்கொண்டே எழுகிறார்கள், சண்டை போட்டுக்கொண்டே உட்காருகிறார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பலம் போட்டால் இரத்த அழுத்தம் ஏறும் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். பெயரைச் சத்தமாகச் சொல்கிறவர் மூச்சை அடக்க முடியாது. அந்த அம்மா இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா, நாம் கேட்கவில்லை.

அவர்கள் பேசிக்கொள்ளும் தோட்டம் இன்று இல்லை. லயம் இருந்த இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. கிராணியின் செக்ரோலும் எங்கே போயிற்றோ. எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கணக்கு இந்த இருபது பேர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதிகம் பேசாத ஒரு பெரியவர், மகன் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுப் போவான், மூன்றாவது வாரம் எழுந்து நின்று, "எட்டாவது வீட்டு வாசல்ல ரம்புத்தான் மரம்" என்றார். அந்த அம்மாவே மறந்துபோன மரம் அது.

வேறு வேலைகளும் உண்டு. போத்தலைத் தோள் மட்டத்துக்குத் தூக்குவது. "வலது" என்றால் வலக்கை, "பிரட்டு" என்றால் இரண்டு கையும், "சங்கு" என்றால் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தியபடி நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுவது: தொண்ணூற்றேழு, தொண்ணூற்றி நாலு... கணக்கில் தவறினால் பரவாயில்லை, நிற்பதில் தவறக்கூடாது. தரை ஓட்டுக் கோட்டின்மேல் ஒரு காலின் விரலோடு மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து நடப்பது. பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அசைவை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும். அது கைவந்தபின்தான் பெயரும் கணக்கும். ஆரம்பத்திலேயே இரண்டையும் சேர்த்தால் குழப்பம் வரும், விழவும் கூடும்.

பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தால் மூளை வளரும் என்று வெளிநாட்டில் பெயர் மாற்றி விளம்பரம் செய்கிறார்கள். காதைப் பிடிப்பதால் மூளை வளரும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. தொடைக்கு நல்ல வேலை என்பது உண்மை. முழங்கால் வலிக்காரர்கள் முழுவதும் குந்த வேண்டாம், நாற்காலி உயரம் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் பெரியவர்கள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் தோட்டத்திலிருந்து வந்து பிள்ளைகளோடு இருப்பவர்களும், முழங்கால் வலித்தால் அங்குள்ள பார்வையற்ற தோழர்களிடம் போய்த் தேய்த்துக்கொள்கிறார்கள். நல்ல கை அவர்களுடையது. அது அவர்களின் பிழைப்பும்கூட. வலி தணியும். ஆனால் அடுத்தவர் தேய்ப்பதால் நம் தசை வளராது. தேய்த்துக்கொண்டு வந்த மறுநாள் நாற்காலியை விட்டுப் பத்துத் தடவை எழுந்தால் கொடுத்த காசுக்கு இரட்டிப்புப் பலன்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்றால், உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு இது: 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் நிலைதடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சி. ஞாயிறு மண்டபத்தில் ஒரு நாள் ஆகிறது. மற்ற நாள் வீட்டில்.

நம் மக்களுக்கு இது மற்றவர்களைவிட ஏன் அவசரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018இல் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 8.5 பேருக்கு ஞாபகமறதி நோய் இருப்பதாகக் கண்டார்கள். 2019 கணக்கெடுப்பில் இந்தியர்களிடையே நூற்றுக்கு 30க்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு இனிப்புநீர். நாட்டிலேயே நாம்தான் அதிகம். மறதி நோய்க்கு வழி திறந்துவிடும் காரணங்கள் என்று 2024இல் உலக நிபுணர் குழு ஒன்று 14 காரணங்களை அடுக்கியது. இனிப்புநீர், இரத்த அழுத்தம், அசையாமல் இருப்பது, தனிமை, காது கேளாமை, மது, புகை, அதோடு சிறுவயதில் படிப்புக் குறைந்து போனதும் அதில் ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள். ஆறாம் வகுப்போடு பால்வாளியைப் பிடித்த தலைமுறைக்கு அந்தப் படிப்பை யார் கொடுக்காமல் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். அறுபது வருஷம் கழித்து அதன் கணக்கு அவர்கள் தலையிலேயே வந்து விழுகிறது. இது சங்கத்தின் வேலை இல்லை என்று சொல்லும் தோழர்களுக்கு நமது பதில் இதுதான்.

நிர்வாகங்களோடு பேசும்போது சம்பளமும் போனசும் முதலில் வரட்டும். அதோடு, ஐம்பது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு வருஷம் ஒரு முறை கால் பலமும் நடையும் பார்த்துச் சொல்ல ஏற்பாடு கேட்க வேண்டும். மண்டபம் இருக்கும் தோட்டங்களில் ஒரு மணி நேரத்துக்கு அதைத் திறந்துவிடச் சொல்ல வேண்டும். பட்டணத்துக்கு வந்துவிட்டவர்கள், சமூக நல இலாகாவின் முதியோர் நடவடிக்கை மையம் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். 'பாவே' என்று மலாயில் சுருக்கிச் சொல்வார்கள். நம்மவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. மொழி தெரியாது என்ற கூச்சம். நான்கு பேர் சேர்ந்து போனால் கூச்சம் போய்விடும்.

யார் யார் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்? நெஞ்சுவலி வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், அண்மையில் கண் அல்லது வயிற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறவர்கள். செய்யும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் தொடை கொஞ்சம் வலிப்பது சகஜம். மூட்டு வீங்கினால் சகஜமில்லை. இனிப்புநீர்க்காரர்கள் வெறுங்காலோடு செய்யாதீர்கள். உணர்ச்சி மரத்த காலில் காயம் பட்டால் தெரியாது.

எந்த நேரம் நல்லது என்று மண்டபத்தில் ஒரு பாட்டி கேட்டார். "எனக்கு இன்னமும் நாலரைக்கு முழிப்பு வந்துருது. பிரட்டு நேரம் போவ மாட்டேங்குது." அந்த நேரமே செய்யலாம், பாட்டி. ஆனால் இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேண்டாம். சீனி குறைந்து மயக்கம் வரும். இரண்டு பிஸ்கட்டும் ஒரு தேத்தண்ணியும் குடித்து, வெளிச்சம் வந்தபின், விளக்கைப் போட்டுவிட்டு, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஐந்து வீடு போதும்.